கை எடுத்தால் நிற்க வேண்டும்

மெயின் போர்டை அவளே அணைத்திருந்தாள். கைப்பிடியைக் கீழே இறக்கி, பூட்டைப் போட்டு, சாவியைக் கழுத்துக் கயிற்றில் மாட்டிக்கொண்டு மழைக்குள் இறங்கப் போனபோதுதான், மேல்மாடியில் கட்டிங் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

முதலில் அவளுக்கு வந்தது பயமில்லை, எரிச்சல். மழை வலுத்ததும் வேலையை நிறுத்தி எல்லோரையும் தகர ஷெட்டுக்கு அனுப்பியாகிவிட்டது. அதற்கப்புறமும் எவனோ ஒருவன் மேலே டைல் அறுத்துக்கொண்டிருக்கிறான். சேஃப்டி மேடம் என்று கூப்பிடுவதெல்லாம் வாய்வார்த்தைக்குத்தான். இந்தக் கட்டடத்துக்கு வந்த நாளிலிருந்து தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியதுதான் அவளுக்கு மிச்சம்.

பிறகுதான் கழுத்தில் தொங்கிய சாவி உறைத்தது. கட்டடம் முழுக்க மின்சாரம் இல்லை. ஜெனரேட்டர் தார்ப்பாய்க்குள் வாய்மூடிக் கிடந்தது. பேட்டரியில் ஓடுகிற மெஷின் இந்த சைட்டில் ஒன்றுகூட இல்லை.

சத்தம் நிற்கவில்லை.

காலையில்தான் அந்த மெஷினை வைத்து ஊரே வேடிக்கை பார்க்கச் சண்டை போட்டிருந்தாள். சண்டை வேறு யாரோடும் இல்லை, சொந்தத் தம்பியோடு. டைல் ஒட்டுகிறவன் அவன். அவள்தான் இங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டாள். அந்த மெஷின் கைமாறி வந்த பழைய சாமான். வரும்போதே பிளேடுக்கு மூடி இல்லை. விரல் எடுத்ததும் அணைய வேண்டிய சுவிட்சை அமுங்கியபடியே நிற்கும்படி கறுப்பு டேப்பால் இறுக்கிச் சுற்றியிருந்தது. அவள் பிய்த்துப் போட்டாள். மறுநாள் பார்த்தால் திரும்பவும் டேப். மறுபடி பிய்த்தாள். மறுபடி டேப்.

"கை எடுத்தா மெஷின் நிக்கணும்டா! இதை நான் எந்த பாஷையில சொன்னா உனக்குப் புரியும்?"

"அக்கா, சத்தியமா நான் சுத்தல. விரல் மரத்துப்போகுதுன்னு முன்னாடி சுத்தியிருக்கேன், இல்லேங்கல. இது நான் இல்ல."

"அப்ப பேய் வந்து சுத்துதா?"

மேஸ்திரி விழுந்து விழுந்து சிரித்தார். தம்பி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டான். மெஷின் இரைச்சலுக்கென்று அவள் வாங்கிக் கொடுத்த காதுமூடியைக்கூட வழக்கம்போல ஷெட் ஆணியில் மாட்டிவிட்டுத்தான் போனான். அவளுக்கு அழுகையே வந்தது. கல்யாணமாகி இன்னும் புதுக்கருக்கு அழியாதவன், பத்து விரலோடு சாயங்காலம் வீட்டுக்குப் போகட்டும் என்பதைத் தவிர அவனிடம் அவள் வேறென்ன கேட்டாள்?

அவன்தான் மேலே இருக்கிறான். வீம்புக்கு ஓட்டுகிறான். வேறு யார்?

அவள் படியேறினாள். கைப்பிடிச் சுவர் இன்னும் கட்டாத படிகள், ஓரத்தில் மழைநீர் இழையிழையாக வழிந்தது. பட்டப்பகல், ஆனாலும் வானம் இருட்டிக் கிடந்ததில் ஜன்னல் வைக்காத ஓட்டைகள் சாம்பல் நிறத்தில் தெரிந்தன. ஈரச் சிமெண்ட் வாசனைக்கு நடுவே, மேலே போகப் போக, கருகிய கல்தூளின் வாசனை மூக்கில் ஏறியது. லிஃப்ட் குழிக்குள் விழுகிற தண்ணீரின் ஓசையைத் தாண்டி மெஷின் ஒரே சுருதியில் இரைந்தது. கல்லில் பட்டால் அந்தச் சத்தம் கனக்கும், அது அவளுக்கு நன்றாகத் தெரியும். இது எதிலும் படாத சத்தம். எதற்கோ காத்திருப்பது போல வெறுமனே ஓடியது.

மாடி வளைவில் நின்று தம்பிக்குப் போன் போட்டாள்.

"எங்கடா இருக்கே?"

"ஷெட்லதான். எல்லாரும் இங்கதான் இருக்கோம். ஏன்க்கா?"

அவள் மேலே அண்ணாந்து பார்த்தாள். "மேல உன் மெஷின் ஓடுது."

"எங்களுக்கும் கேக்குது. நீதான் கரண்ட் போட்டு எதையோ பார்க்கறேன்னு மேஸ்திரி சொல்றார்." அவன் குரல் மாறியது. "நீ இல்லையா?"

"இல்ல."

"அங்கயே நில்லு. நான் வரேன்."

"வர்றதுன்னா காதுமூடியை மாட்டிட்டு வா. ஒரே ஒரு தடவையாவது நான் சொல்றதைக் கேளு!"

இந்த நேரத்திலும் அதைத்தான் சொல்ல வந்ததா என்று தன்மேலேயே கோபம் வந்தது. அவன் வருவதற்குள் அதை நிறுத்திவிட வேண்டும். அது ஒன்றுதான் மனதில் நின்றது.

சத்தம் மூலைக் குளியலறையிலிருந்து வந்தது. பாதி டைல் ஒட்டிய தரை. நடுவில் மெஷின் மல்லாந்து கிடந்தது, பிளேடு மேலே பார்த்தபடி. சுற்றுகிற வேகத்தில் பிளேடு கண்ணுக்கே தெரியவில்லை. ஒயரைக் கண்ணால் தொடர்ந்தாள். அது வாசல்வரை நெளிந்து வந்திருந்தது. அதன் பிளக் அவள் காலடியில், மழைத் தண்ணீரில் கிடந்தது.

பிடுங்குவதற்கு எதுவும் இல்லை. சுவிட்சின் மேல் மட்டும் புத்தம்புதுக் கறுப்பு டேப்.

அவள் குந்தினாள். பிளேடு தன் பக்கம் வராதபடி கைப்பிடியை வலது கையால் இறுகப் பற்றினாள். மெஷினின் அதிர்வு தோள்வரை ஏறியது. இடது கை நகத்தால் டேப்பின் முனையைக் கிளப்பினாள். உரிந்தது. ஒரு சுற்று. இன்னொன்று. உரிக்க உரிக்க வந்துகொண்டே இருந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. கடைசிச் சுற்றும் கழன்று கீழே விழுந்தது.

சுவிட்ச் துள்ளி மேலே வந்தது.

மெஷின் நிற்கவில்லை.

கீழே வைத்துவிட்டு ஓடிவிடலாம் என்று விரல்களைத் திறக்கப் பார்த்தாள். திறக்கவில்லை. மறுபடி முயன்றாள். குனிந்து பார்த்தாள்.

டேப் தரையில் இல்லை.

அது அவள் கையில் இருந்தது. விரல்களின் மேல், மணிக்கட்டின் மேல், வரிவரியாக, இறுக்கமாக. ஆள்காட்டி விரல் சுவிட்சை அழுத்தியிருந்தது. அவள் அழுத்தவில்லை.

கை எடுத்தால் நிற்க வேண்டும்.

எடுக்க முடியவில்லை.

படியில் காலடிச் சத்தம். அக்கா, அக்கா என்று குரல். வாசலை மறைத்து ஓர் உருவம்.

"வராதே! வராதேடா! ஓடு!"

தொண்டை கிழியக் கத்தினாள். தம்பி வாசலில் நின்றான். நனைந்த முகத்தில் காலைச் சண்டையின் சுவடே இல்லை. தலையின் இரண்டு பக்கமும் காதுமூடி, அவள் வாங்கிக் கொடுத்தது, கச்சிதமாக மாட்டியிருந்தது. சொன்னபடி கேட்டுவிட்டேன் பார் என்பது போல அதை ஒரு விரலால் தட்டிக் காட்டிச் சிரித்தான்.

அவள் கத்திக்கொண்டே தலையை ஆட்டினாள். பயந்துபோயிருக்கிறாள் என்று அவன் நினைத்திருக்க வேண்டும். இதோ வந்துட்டேன், என்கிட்ட கொடு என்று வாயசைத்தபடி கிட்டே வந்தான்.

அவள் கை தானாக எழுந்தது. பிளேடு மெதுவாக அவன் பக்கம் திரும்பியது.

மெஷினை வாங்கிக்கொள்வதற்காக, தம்பி இரண்டு கைகளையும், பத்து விரல்களையும் விரித்து நீட்டினான். சத்தம் கனத்தது.