கட்டாயப் பாடம்

புரொபஸர் செத்துக் கிடந்தார்!

மூளை ஸ்கேன் மையத்தின் கண்ட்ரோல் ரூம். ஞாயிற்றுக்கிழமை மதியம். கட்டடமே காலி. கம்ப்யூட்டர் மேஜைக்கும் சுழல் நாற்காலிக்கும் நடுவே குப்புற விழுந்திருந்தார். பின்மண்டையில் ரத்தம்...

"சார்ர்ர்!"

அலறியவள் டீச்சர். வகுப்பில் வைத்த பட்டப்பெயர். பல வருஷம் ஸ்கூலில் பாடம் நடத்திவிட்டு, மூன்றாவது முயற்சியில் நுழைவுத் தேர்வு தேறி, நியூரோ சயன்ஸ் பிஎச்.டி.யில் சேர்ந்தவள்.

"கத்தாதீங்கக்கா. யாரும் வரமாட்டாங்க."

திரும்பினாள்.

மைனர்! அவளோடு முதல் வருஷம் படிக்கும் ஷோக்குப் பேர்வழி. கையில் சிவப்பு நிறத் தீயணைப்பு சிலிண்டர். அதன் அடியில் ரத்தம்.

வாசல் கதவை ஏற்கெனவே பூட்டியிருந்தான்.

"பாவி! ஏன்டா இப்படிப் பண்ணே?"

"அட்மிஷனுக்கு நான் குடுத்த எம்.எஸ்சி. தீஸிஸ் காப்பின்னு கண்டுபிடிச்சிட்டாருக்கா. நாளைக்கே சீட்டை ரத்து பண்றேன்னாரு. கால்ல விழுந்தேன்... கேக்கலை."

"நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். என் பொண்ணு சாப்பிடாம காத்துட்டிருப்பாடா..."

"எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. என்ன பண்ண? பார்த்துட்டீங்களே!"

ஓர் அடி முன்னால் வந்தான்.

டீச்சர் சுற்றிலும் பார்த்தாள். பூமிக்கடியில் கட்டிய இடம். ஜன்னல் கிடையாது. மிச்சமிருந்தது ஒரே கதவு... ஸ்கேன் மெஷின் இருக்கும் உள் அறைக்கு. அங்கிருந்து வெளியே போக வேறு வழியில்லை. நுழைந்தால் எலிப்பொறிதான்!

கையிலிருந்த போனை மேஜைமேல் வீசிவிட்டு அதற்குள்ளேயே ஓடினாள்.

மைனர் சிரித்தே விட்டான்.

"போனைப் போட்டுட்டு ஓடறீங்களே! பயத்துல மூளை வேலை செய்யலையாக்கா?"

கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் இல்லை!

க்ளிக்!

விளக்குகள் அணைந்தன. எமர்ஜென்ஸி லைட் மட்டும் மங்கலாக எரிந்தது.

"மெயினை அணைச்சிட்டேன்! கேமராவும் போச்சு, ஸ்கேன் மெஷினோட காந்தமும் போச்சு. நானும் விவரமானவன்தான்க்கா!"

கதவு திறந்தது.

டீச்சர் மெஷினை விட்டு விலகி மூலையில் ஒண்டினாள். இனி மகளைப் பார்க்கவே முடியாதோ?

"வேண்டாம்டா... அதை வெளிய வெச்சிட்டு வா. உள்ள கொண்டு வராதே!"

"வெறுங்கையோட வந்து உங்ககூட ஊர்க்கதை பேசவா?"

சிலிண்டரை ஓங்கியபடி உள்ளே வந்தான். இரண்டு எட்டு... மூன்று...

சிலிண்டர் அவனை இழுத்தது!

விடப் பார்த்தான். கைப்பிடிக்குள் விரல்கள் சிக்கியிருந்தன. அப்படியே தரதரவென்று இழுபட்டுப் போனான்.

டமார்!

"ஐயோ... கை! என் கை!"

மெஷினின் வாயில் சிலிண்டர் ஒட்டிக்கொண்டிருந்தது. நடுவே அவன் கை.

"கரண்ட்டைத்தான் அணைச்சிட்டேனே!"

டீச்சர் மூலையை விட்டு எழுந்தாள்.

"கரண்ட் போனாலும் இந்தக் காந்தம் போகாதுடா. அதனாலதான் போனைக்கூட வெளிய போட்டுட்டு வந்தேன். முதல் வாரம் பாதுகாப்பு வகுப்புல முதல்ல சொன்னதே அதுதான். அந்தக் கட்டாயப் பாடத்தை முடிக்காதவங்களை இந்த மையத்துக்குள்ளயே விடமாட்டாங்க."

"அ... அந்த வகுப்புக்கு நான் வரவே இல்லையேக்கா!"

"தெரியும். அம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னு அழுதே. இரக்கப்பட்டு உன் பேருக்கு நேரா கையெழுத்துப் போட்டதே நான்தானே!"

வெளியே வந்தாள். புரொபஸரைப் பார்த்ததும் அழுகை முட்டியது. துடைத்துக்கொண்டு போலீஸுக்கு போன் செய்தாள்.

உள்ளேயிருந்து முனகல்.

"அக்கா... ப்ளீஸ்க்கா... காப்பாத்துங்கக்கா..."

"ஜெயில்லயும் தினம் அட்டெண்டன்ஸ் எடுப்பாங்களாம் தம்பி. அங்கயும் ப்ராக்ஸி போடச் சொல்லி என்னைக் கூப்பிடாதே!"