சமத்து என்கிற பொம்மை

பொம்மையின் இடது தோள் நேராகிவிட்டிருந்தது.

பெரியவள் வேலை முடிந்து வந்து, செருப்பைக் கழற்றி, கைப்பையை நாற்காலியில் எறிந்துவிட்டு நிமிர்ந்தபோது முதலில் கண்ணில் பட்டது அதுதான். நேற்றுவரை அந்தத் தோள் ஒரு விரல் தாழ்ந்துதான் இருந்தது. தாழாமல் என்ன செய்யும், அது அவளுடைய தோள். சின்ன வயதிலிருந்து பையை ஒரே பக்கம் மாட்டி மாட்டி இறங்கிப்போன தோள். பெரிய கடையொன்றில், ஜனங்கள் பிடிக்கவில்லை என்று திருப்பித் தரும் சாமான்களை வாங்கிப் பார்ப்பது அவள் உத்தியோகம். எதைப் பார்த்தாலும் எங்கே குறை என்று கண் தானாகத் தேடும். இப்போது தேடியதில் குறையைக் காணோம். உள்ளே அடைத்த துணி அமுங்கியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"அக்கா, இது நல்லா இருக்கா?"

தங்கை தரையில் உட்கார்ந்து ஒரு காகித ரோஜாவைத் தூக்கிக் காட்டினாள். அடுத்த வாரம் அவளுக்குக் கல்யாணம்.

"முட்டைக்கோஸ் மாதிரி இருக்கு."

தங்கை பூவைத் திருப்பிப் பார்த்துவிட்டு, மற்றப் பூக்களோடு கயிற்றில் மாட்டினாள். இந்தக் கல்யாணத்தில் எதையும் கடையில் வாங்கப்போவதில்லையாம். எல்லாம் கையாலேயே செய்ய வேண்டுமாம். இரண்டு மாதமாக இந்தக் கூத்து. ஊர் தூக்கியெறியும் ஜாம் பாட்டிலைப் பொறுக்கி வந்து, சணல் கயிற்றைச் சுற்றி, உள்ளே ஒரு மெழுகுவத்தியை வைத்தால் அதற்குப் பேர் அலங்காரம். போனில் யாரோ ஒருத்தி தலையில் துணிப்பூ வைத்து இளித்தால் அதற்குப் பேர் மணப்பெண் ஐடியா. வரவேற்பறை முழுக்கக் காகிதம், பசை, நூல், லேஸ் துண்டு. குரங்கு கையில் பூமாலை கிடைத்தாலாவது பிய்த்துப் போட்டுவிட்டுப் போய்விடும், இவள் கையில் கிடைத்த காகிதம் தினம் தினம் பெருகிக்கொண்டே போயிற்று. அம்மாவோ ஒவ்வொரு பூவையும் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.

அந்த வரிசையில் வந்ததுதான் பொம்மையும். கல்யாண உடையையும் தானே தைக்கிறாளாம், போட்டுப் பார்த்துத் திருத்த ஓர் உடம்பு வேண்டுமாம். பழைய பனியனைப் போட்டுக்கொண்டு நின்று, மேலே பழுப்பு டேப்பை இறுக்கச் சுற்றி, முதுகில் வெட்டிக் கழற்றினால் உடம்பு அச்சு கிடைத்துவிடும்.

"நான் நிக்கிறேன், நீ சுத்தி விடுக்கா" என்று கெஞ்சினாள்.

"உன் பசையில நான் கை வைக்கமாட்டேன். வேணும்னா நான் நிக்கிறேன், நீ சுத்திக்கோ. ரெண்டு பேருக்கும் ஒரே அளவுதானே."

கல்யாணப் பெண்ணின் உடம்பைச் சுற்ற வேண்டிய டேப் அப்படித்தான் அக்காவின் உடம்பைச் சுற்றியது. தங்கை சுற்றச் சுற்ற இவள் பேசிக்கொண்டே இருந்தாள். மாப்பிள்ளையின் சிரிப்பு, அவன் வீட்டார் போட்ட காப்பி, தோரணத்தின் கண்றாவி நிறம், ஒன்றையும் விடவில்லை. "பேசாம நில்லுக்கா, பேசினா அளவு மாறிடும்" என்றாள் தங்கை. மூச்சு முட்டியது. கடைசியில் கத்திரிக்கோலின் குளிர்ந்த அலகு இடுப்பிலிருந்து கழுத்துவரை முதுகோடு ஏறி வந்தது. கூடு கழன்றபோது உடம்பு லேசாக இருந்தது, கொஞ்சம் அதிகமாகவே லேசாக. தங்கை வெட்டிய முதுகை மறுபடி டேப்பால் ஒட்டி, அந்தக் கூட்டுக்குள் அக்கா கழித்துப் போட்ட பழைய துணிகளையே அடைத்தாள். கழுத்தை ஓர் அட்டை வட்டத்தால் மூடினாள். ஓடாத ஸ்டாண்டு ஃபேனின் கால்மேல் அதை நிறுத்தினாள்.

அம்மா வந்து பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்படியே பெரியவதான். ஆனா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல பாரு. சமத்து."

அந்தப் பேரே நிலைத்துவிட்டது.

முதலில் விளையாட்டாகத்தான் இருந்தது. "சமத்து, கொஞ்சம் திரும்பு." "சமத்துகிட்ட கேளு, அது உண்மையைச் சொல்லும்." பிறகு அம்மா காகிதம் நறுக்கும்போதெல்லாம் பொம்மைக்கு எதிரில் உட்கார்ந்து ஊர்க்கதை பேச ஆரம்பித்தாள். குளிர்கிறது என்று அதன் தோளில் சால்வையைப் போர்த்தினாள். பெரியவளின் சால்வை. "என்னுதை ஏன் போட்டே?" என்று கேட்டதற்கு, "ஐயோ, நீன்னு நெனச்சுட்டேன்" என்றாள். சிரிக்காமல் சொன்னாள்.

பெரியவள் சால்வையை வெடுக்கென்று இழுத்தாள். அது வெதுவெதுப்பாக இருந்தது. அவள் பூசும் முகக்கிரீமின் வாசனை, வேலை முடிந்து வரும்போது அவள் கழுத்தடியில் இருக்கும் வியர்வை வாசனை, இரண்டும் அதில் இருந்தன. பழைய துணி அடைத்தால் பழைய வாசனைதானே வரும், இதற்குப் போய் பயப்பட நான் என்ன இவர்களைப் போல அசடா என்று நினைத்துக்கொண்டு அறைக்குப் போனாள். அன்றைக்குக் கதவைத் தாழிட்டாள்.

மறுநாள் கடையில் ஒரு கிழவர், போட்டுக் கிழித்த சட்டையைத் துணிந்து திருப்பிக் கொடுத்தார். அவருக்கென்று ஒரு வார்த்தை நாக்கில் தயாராக இருக்க வேண்டும். இல்லை. வாயைத் திறந்தாள். காகிதம் கசங்குவதுபோல் தொண்டைக்குள் ஏதோ சரசரத்தது. பேசாமல் சட்டையை வாங்கிக்கொண்டாள்.

குளிக்கும்போது முதுகைத் தேய்த்த விரல் எதிலோ தட்டியது. முதுகெலும்பு நெடுக ஒரு விளிம்பு. மெல்லியது, கொஞ்சம் பிசுபிசுப்பு, ஒரு முனையில் லேசாகப் பிரிந்து நின்றது. நகத்தால் நெருடினாள். வலிக்கவில்லை. வலிக்காததுதான் அவளை நடுங்க வைத்தது. தண்ணீரை நிறுத்தாமல் வெகுநேரம் அங்கேயே நின்றாள்.

"அம்மா, அந்தப் பொம்மையைத் தூக்கிப் போடச் சொல்லு" என்றாள் வெளியே வந்து.

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். முதலில் இவளை, பிறகு பொம்மையை. "ஏன்டி, அது உன்னை என்ன பண்ணுது? அது இருக்கறதாலதான் வீடு கொஞ்சம் வீடாட்டம் இருக்கு."

இவள் சம்பாத்தியம் வேண்டும். இவள் பேச்சு வேண்டாம். இருக்கட்டும். இந்த வீட்டில் பெரியவள் ஒருத்திதான், அது யார் என்று காட்டிவிட வேண்டும்.

விடுமுறை நாளன்று அம்மாவும் தங்கையும் தோரணம் கட்ட அளவெடுக்க மண்டபத்துக்குப் போனார்கள். மத்தியானம் முழுக்க மழை. வீட்டுக்குள் ஈரக்காகித வாசனை. விட்டத்திலிருந்து தொங்கிய பூக்கள், காற்றில்லாத அறையில், ஒன்றையொன்று உரசிக்கொண்டன. பெரியவள் பெரிய கத்திரிக்கோலை எடுத்தாள். இதே கத்திரிக்கோல்தான் அன்றைக்கு அவள் முதுகில் ஏறியது.

பொம்மைமேல் பாதி தைத்த வெள்ளை உடை. அதை உருவிக் கீழே போட்டாள். எதிரே அலமாரிக் கண்ணாடி. அதில் அவள் தோள் தெரிந்தது. இடது பக்கம் ஒரு விரல் அல்ல, ஒரு சாண் இறங்கியிருந்தது.

"சமத்தாம் சமத்து" என்றாள். குரல் சரசரத்தது.

பொம்மையின் முதுகில், டேப் ஒட்டிய கோட்டில், அலகை நுழைத்தாள். வெட்டினாள்.

சத்தம் பின்னாலிருந்து வந்தது.

அவளுக்குப் பின்னால். அவள் முதுகில்.

நிறுத்தினாள். மழை. மழை மட்டும். பொம்மையின் பிளவுக்குள் விரல் விட்டாள். துணி இல்லை. சூடு. ஈரம். ஏதோ ஏறி இறங்கியது. மெதுவாக. மூச்சு.

கையை இழுத்தாள். வரவில்லை. உள்ளிருந்து பிடித்திருந்தது. இழுத்தாள். கால் மரத்தது. முழங்கால் மடங்கவில்லை. பிறகு முழங்காலே இல்லை. இடுப்புக்குக் கீழே ஒற்றை இரும்புக் கம்பி.

கண்ணாடி. அதில் ஒருத்தி அவள் வீட்டு உடையில் நின்றாள். கையில் கத்திரிக்கோல். இரண்டு தோளும் நேர். அவளுக்குப் பக்கத்தில் பழுப்பாக ஒன்று. கழுத்துக்குமேல் அட்டை வட்டம்.

அதிலிருந்துதான் பெரியவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் குடை மடக்கும் ஓசை. அம்மாவின் பேச்சு. தங்கை ஈரத் தலையோடு ஓடி வந்தாள், கையில் ஒரு காகிதப் பூ. மழையில் நனையாமல் நெஞ்சோடு மூடி எடுத்து வந்திருந்தாள்.

"அக்கா, தலையில வைக்கிற பூ. இதுதான் கடைசி. நல்லா இருக்கா?"

நல்லா இருக்கு. நல்லா இருக்குடி. முட்டைக்கோஸ் இல்லை, ஒன்றும் இல்லை, ரொம்ப நல்லா இருக்கு, என்னைப் பாரு, இந்தப் பக்கம் பாரு. அத்தனையும் இருந்தது. வாய் இல்லை.

"ரொம்ப அழகா இருக்குடி" என்றாள் மற்றவள்.

தங்கையின் கண் நிறைந்துவிட்டது. "இத்தனை நாள்ல இன்னிக்குத்தான் சொல்றே" என்று அவளைக் கட்டிக்கொண்டாள். அம்மா கதவோரம் நின்று முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"அட, சமத்துக்கு முதுகு பிரிஞ்சிருக்கே" என்றாள் தங்கை சற்றுப் பொறுத்து.

மற்றவள் டேப்பை எடுத்து வந்து, கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி, இடுப்பிலிருந்து கழுத்துவரை மூடினாள். வெள்ளை உடையைத் திரும்ப மாட்டினார்கள். குண்டூசிகள் ஒவ்வொன்றாக உள்ளே இறங்கின. இப்போது வலித்தது. ஒவ்வொன்றும் வலித்தது.

"இது ஏன்க்கா ஒரு பக்கமா இறங்கி நிக்குது?"

"ஊசி போட்டுத் தூக்கிட்டா சரியாயிடும்" என்றாள் மற்றவள் கனிவாக. உதட்டில் கவ்வியிருந்த ஊசிகளில் இருப்பதிலேயே நீளமானதைத் தேர்ந்தெடுத்து, தாழ்ந்த அந்தத் தோளைத் தடவி இடம் பார்த்தாள்.