விளக்குக் கப்பலின் மாற்றாள்

எடைமேடை மேல் லாரி எதுவும் இல்லை. ஆனாலும் கேபினுக்கு வெளியே தொங்கும் பலகையில் சிவப்பு எண்கள் அறுபது கிலோ என்று காட்டிக்கொண்டிருந்தன.

ஜெபா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காலை ஆறு மணிக்கு, மார்கழிப் பனியோடு கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் அத்தனை உருக்காலைப் புகையும் கலந்து மூக்கை அடைக்கும் நேரத்தில், யாருக்கும் எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளத் தெம்பு இருக்காது. மேடை மேல் யாரோ முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பது மங்கலாகத் தெரிந்தது. ராத்திரி ஷிப்டு ராபினாகத்தான் இருக்கும். விடியற்காலையில் தூக்கம் சொக்கினால் அவன் இப்படி வெளியே வந்து நிற்பது உண்டு. போகிற போக்கில் அவள் சொன்னாள்.

“வந்துட்டேன். நீ போ.”

அந்த ஆலையில் அது வெறும் பேச்சு இல்லை. மாற்றாள் வந்து தன் வாயால் அதைச் சொன்னால்தான் பழைய ஆள் இடத்தை விட்டு நகரலாம், கையெழுத்தெல்லாம் அதற்கப்புறம். எப்போதோ ஒருமுறை உலைப் பக்கம் ஆளில்லாமல் கிடந்து பெரிய வினையானதிலிருந்து அப்படி. மேனேஜரே ஆனாலும் சொல்லித்தான் மாற வேண்டும்.

நின்றவன் திரும்பிப் பார்க்கவில்லை. மூட்டையை இறக்கி வைத்தவனுக்கு இறங்குவது போல அவன் தோள்கள் இறங்கின. ஈரக் காலோடு சளக் சளக்கென்று மேடையின் அந்தப் பக்கம் இறங்கிப் பனிக்குள் போனான். பலகையில் அறுபது போய் ஜீரோ வந்தது.

கேபினுக்குள் நுழைந்தால், மேஜைக்குப் பின்னால் ராபின் உட்கார்ந்திருந்தான். தொண்ணூறு கிலோ ராபின். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு கிளம்பத் தயாராக.

“இன்னாக்கா, யார்கிட்ட பேசிக்கினு வந்த?”

அவள் சொன்னாள். அவன் முதலில் சிரித்தான், பிறகு சிரிப்பை நிறுத்தினான். சனிக்கிழமை ராத்திரியிலிருந்தே மேடை சும்மா இருக்கும்போது அறுபது காட்டுகிறதாம். சில நேரம் அறுபத்தைந்து, கால் மாற்றி நிற்கிற மாதிரி. ஜீரோ பட்டனை அமுக்கினால் போய்விடும். கொஞ்ச நேரத்தில் மைனஸ் அறுபது என்று வரும், ஏறி நின்றது இறங்கிவிட்ட மாதிரி. இப்போது ஜீரோவிலேயே நிற்பதைப் பார்த்துவிட்டு, அப்பாடா என்றான். ஜெபா அவனிடமும் வந்துட்டேன் நீ போ என்றாள். ஏற்கெனவே இன்னொருவருக்குக் கொடுத்துவிட்ட பொருளை மறுபடி நீட்டுவது போல அவளுக்குக் கூச்சமாக இருந்தது. பைக் சத்தம் தேய்ந்து மறைந்தது.

சனிக்கிழமை சாயங்காலம்தான் உலைக்குப் போக வேண்டிய பழைய இரும்போடு ஒரு டிரெய்லர் வந்திருந்தது. துருவேறிய சிவப்புத் தகடுகள், அவற்றின் மேல் ஆள் உயர வெள்ளை எழுத்துகளின் மிச்சம், குடையைக் கவிழ்த்தது போல ஒரு நங்கூரம், உள்ளே ஒரு ஆள் நிற்கக்கூடிய விளக்குக் கூண்டு, நாக்கு இல்லாத மணி. கிரேன் மக்கர் செய்ததால் எல்லாம் எடைமேடைக்குப் பக்கத்திலேயே கிடந்தன. கேஸ் கட்டர் துளசிராமன் குஜராத் பக்கம் கப்பல் உடைக்கும் இடத்தில் பத்து வருஷம் வேலை பார்த்தவன். பார்த்ததுமே சொல்லிவிட்டான்.

“விளக்குக் கப்பல் இது. கப்பல்னா போவணும். இது போவாது. நிக்கறதுதான் இதுக்கு வேல.”

மணல் திட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும் கடலில் கலங்கரை விளக்கம் கட்ட முடியாது. அங்கே ஒரு கப்பலைச் சங்கிலி போட்டுக் கட்டி, உச்சியில் விளக்கை ஏற்றி, மாதக்கணக்கில் ஆட்களை வைத்திருப்பார்களாம். புயல் வந்தால் மற்ற கப்பலெல்லாம் துறைமுகத்துக்கு ஓடும்; இது மட்டும் ஓடக்கூடாது. பனி இறங்கினால் விடாமல் மணி அடிக்க வேண்டும். மாற்றாள் வரும் படகு கடல் அடங்கினால்தான் வரும், அதுவரை இருப்பவன் இருக்க வேண்டியதுதான். பிறகு தானாக எரியும் விளக்குகள் வந்தன. உலகம் பூராவும் இந்தக் கப்பல்களை ஒவ்வொன்றாகக் கரைக்கு இழுத்துவிட்டார்கள். இந்தக் கப்பலில் மட்டும் ஒருத்தன் கணக்கில் விட்டுப்போனான் என்று உடைக்கிற இடத்தில் பேச்சாம். பேப்பரில் ஆள் இல்லை, அதனால் மாற்றாளும் போகவில்லை. அன்றைக்கு ஜெபா, நம்ம கம்பெனியை விட மோசமாக இருக்கிறதே என்று கிண்டல் செய்தாள். வாய் சும்மா இருந்திருக்கலாம்.

ஒன்பது மணிக்குப் பனி விலகும். இன்றைக்கு விலகவில்லை. லாரிகள் வரும் சத்தம் கேட்டது, பிரேக் முனகியது, டிரைவர்கள் பேசுவது கிணற்றுக்குள்ளிருந்து கேட்பது போலக் கேட்டது, பலகையில் பதினெட்டாயிரத்துச் சொச்சம் ஏறி இறங்கியது, சீட்டு தானாக அச்சாகிக் கிழிந்து போனது. ஆனால் கண்ணாடிக்கு வெளியே வெறும் வெள்ளை. துருவும் டீசலும் நாறும் கேபினில் இப்போது உப்பும் மீனும் நாறின.

பத்து மணிக்குத் துளசிராமன் உள்ளே வந்தான். அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தான். அவள் முகம் இருந்த இடத்தை.

“பை கீது, ஆளக் காணோம். எங்க பூட்டுச்சி இது?”

இங்கேதான் இருக்கிறேன் என்று அவள் எழுந்து கத்தினாள். அவன் நாற்காலியைத் தொட்டு, விரலில் ஒட்டிய ஈரத்தை முகர்ந்து பார்த்தான். முகம் சுளித்துவிட்டு வெளியே போனான்.

அவளுக்கு அப்போது மகள் சோனியாதான் நினைவுக்கு வந்தாள். ஒன்றாம் வகுப்பு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ராத்திரி ஷிப்டுக்குப் போன அப்பா திரும்பி வரவில்லை. அதிலிருந்து மூன்றரை மணிக்குப் பள்ளிக்கூட கேட்டில் அம்மா முகத்தைக் கண்ணால் பார்த்தால்தான் அந்தப் பிள்ளை காலை எடுத்து வைக்கும். யார் கூப்பிட்டாலும் வராது. மிட்டாய் கொடுத்தாலும் வராது.

ஜெபா ஓடினாள். கேபினிலிருந்து ஆலை கேட்டுக்கு நாற்பது தப்படி. வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டே எண்ணி நடந்தாள். முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. காலடியில் இரும்பு தட்டியது.

எடைமேடை.

திரும்பி எதிர்ப்பக்கம் ஓடினாள். மறுபடி இரும்பு. கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் சொல்லியபடி நடந்தாள். இரும்பு. காலுக்கடியில் அது மெல்ல, மிக மெல்ல, ஆடியது. எங்கோ கீழே ஒரு சங்கிலி இழுபட்டது.

மணி அடித்தது.

நாக்கு இல்லாத மணி. அவள் கையில் கயிறு. எப்போது பிடித்தாள்?

கயிற்றை விட்டாள். மறுபடி கையில் இருந்தது.

இரண்டு மணிக்கு மெர்சி வந்தாள். அடுத்த ஷிப்டு அவளுடையது. அவள் வருவதைப் பனிக்குள்ளும் ஜெபாவால் பார்க்க முடிந்தது. உயிரே வந்தது போல இருந்தது. சொல்லு மெர்சி. ஒரே ஒரு தடவை. வந்துட்டேன் நீ போன்னு சொல்லு. மெர்சி கேபினுக்குள் எட்டிப் பார்த்தாள். காலி நாற்காலி. சொல்வதற்கு ஆள் இல்லை. எதுவும் சொல்லாமல் ஈரத்தைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

நாலேகாலுக்கு மெர்சியின் போன் அடித்தது. சோனியாவின் டீச்சர்.

“இல்ல மிஸ், காலைலயே பூட்டா போலக்கீது... பாப்பா இன்னும் கேட்டாண்டயே நிக்குதா?” கொஞ்ச நேரம் கேட்டாள். அவள் குரல் இறங்கியது. “நான் எப்டி மிஸ் வர்றது? மாத்தி உட ஆளு வராம எடத்த உட்டு நவுர முடியாதே.”

மேடையின் நடுவில் நின்று ஜெபா அலறினாள். மணிதான் கேட்டது.

மெர்சி போனை வைத்துவிட்டு வெளியே பார்த்தாள். நல்ல வெயில் அடிப்பது போல அவள் கண்ணைச் சுருக்கினாள். மேடை காலி. பலகையில் ஐம்பத்தைந்து. கொஞ்சம் ஆடியது. அறுபது. மறுபடி ஐம்பத்தைந்து.

வேண்டாம் மெர்சி.

மெர்சி சலித்துக்கொண்டே கையை நீட்டி பட்டனை அமுக்கினாள்.

பலகை ஒருமுறை மின்னியது. ஜீரோ. அதற்கு நேர் கீழே, கயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஜெபா நின்றாள்.