தட்டு காலி

எல்லோரும் போன பிறகும் கூடையில் ஒரு ஜோடி செருப்பு கிடந்தது.

மஹ்சுன் குனிந்து பார்த்தான். பச்சை ரப்பர். வலது செருப்பின் வார் அறுந்து, தூண்டில் நரம்பால் கட்டப்பட்டிருந்தது. அந்த முடிச்சு அவன் போட்டது. முந்தின நாள் சாயங்காலம், கடற்கரை மது பாரின் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்து, நரம்பைப் பல்லால் கடித்து அறுத்துப் போட்ட முடிச்சு.

ஃபெம்கேயின் செருப்பு.

பவளப்பாறைக்குப் போகும் படகில் செருப்போடு ஏறக் கூடாது. கூடையில் போட்டுவிட்டு ஏற வேண்டும். திரும்பி வந்ததும் அவரவர் செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு விடுதிக்குப் போவார்கள். உடைந்த பவளம் கலந்த மணல், மத்தியான வெயிலில் அடுப்பில் போட்ட கல்லாகக் கொதிக்கும். வெளியூர்க்காரர் யாரும் வெறுங்காலோடு பத்தடி நடக்க முடியாது.

"அமாக், அந்த டச்சுப் பொண்ணு இறங்கினதைப் பாத்தீங்களா?"

அமாக் சினார் நங்கூரக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அமாக் என்றால் அப்பா; மகள் சினாரின் பெயரைச் சேர்த்துத்தான் எல்லோரும் அவரைக் கூப்பிடுவார்கள். வாயில் கிராம்புச் சிகரெட். "எல்லாரும்தான் இறங்குச்சுங்க. நான் என்ன ஒவ்வொருத்தி காலா பாத்துக்கிட்டா இருக்கேன்? அது உன் வேலை. நீதான் நல்லா பாப்பே."

"செருப்பு இருக்கு."

"ராத்திரி குடிச்சதே இன்னும் இறங்கியிருக்காது. செருப்பு எங்க ஞாபகம் வரும்? தட்டு காலியாச்சா இல்லையா?"

"ஆச்சு."

"அப்புறம் என்ன?"

தட்டு காலியானது உண்மைதான். கடலின் மேல் ஆளை எண்ணக் கூடாது. வாயாலும் கூடாது, விரலாலும் கூடாது. எண்ணினால், தண்ணீருக்குள் கேட்டுக்கொண்டிருப்பது தன்னையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளும் என்று இந்தக் கரைப் படகுக்காரர்களுக்குப் பயம். அதனால் புறப்படும் முன்பே தர்பூசணியை ஆளுக்கொரு கீற்றாக நறுக்கித் தகரத் தட்டில் அடுக்கிவிடுவார்கள். படகோட்டிக்கும் மஹ்சுனுக்கும் சேர்த்துத்தான். நீந்திவிட்டு ஏறுகிறவர்களிடம் தட்டு போகும். தட்டு காலியானால் எல்லோரும் ஏறியாயிற்று. எஞ்சினை இழுக்கலாம்.

இன்று கடைசிக் கீற்றை எடுத்தது யார்?

மஹ்சுன் யோசித்தான். ப்ரோடி என்ற ஆஸ்திரேலியப் பையன் ஏதோ ஜோக் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் பக்கம் திரும்பிச் சிரித்தபடியே மஹ்சுன் தட்டைப் பின்பலகைக்கு நீட்டினான். கூரைத் துணியின் நிழலில் அங்கே ஓர் ஆள். நீச்சல் கண்ணாடியைக் கழற்றவில்லை. மூச்சுக் குழலும் வாயிலேயே இருந்தது. ஒரு கை வந்தது. ஊறி வெளுத்த விரல் நுனிகள். வெகுநேரம் நீந்தினால் யாருக்கும் அப்படித்தான் ஆகும். ஆனால் அந்த விரல்கள் பட்டபோது தட்டின் தகரம் அவன் பிடியில் சில்லிட்டது.

அப்போது அதை அவன் பெரிதாக நினைக்கவில்லை.

படகைக் கழுவ ஏறினான். வெயிலில் எல்லாப் பலகைகளும் காய்ந்து உப்புப் பூத்திருந்தன. பின்பலகை மட்டும் ஈரம். துணியால் துடைத்தான். நகர்ந்து பார்த்தபோது மறுபடி ஈரம். நாள்கணக்கில் மூடிய பெட்டியில் கிடந்த நீச்சல் கண்ணாடியின் வாசனை, ரப்பரும் யாரோ ஒருவரின் எச்சிலும் சேர்ந்த வாசனை, அந்த மூலையில் நின்றது. பலகைக்கு அடியில் கை விட்டான். வழவழவென்று ஏதோ தட்டுப்பட்டது.

ஒரு தர்பூசணிக் கீற்று. கடிபடாதது. சிவப்பு முழுக்க வெளியேறி, மீன் சதை மாதிரி வெள்ளையாக இருந்தது. விதைகள் மட்டும் கறுப்பு.

கண்ணாடிகளைக் கழுவி மாட்டும் கம்பிக்குப் போனான். ஒரு கொக்கி காலியாக இருந்தது.

"அமாக், திரும்பிப் போய்ப் பாத்துட்டு வந்துடலாம்."

"எண்ணெய் டிரம்மோட சாவி என் மடியிலயா இருக்கு? ஹாஜியைக் கேளு."

படகின் சொந்தக்காரர் ஹாஜி முன்சீர், கரையோரத்துக் கடையில் விசிறிக்கு முன்னால் பொட்டலச் சோறு தின்றுகொண்டிருந்தார். கேட்டுவிட்டு விரலை நக்கினார்.

"படகுல ஏறினாளா இல்லையா?"

"தட்டு காலியாச்சு, ஹாஜி. ஆனா செருப்பு..."

"ஏறினவ நடுக்கடல்ல எங்கடா இறங்குவா? பஸ் ஸ்டாப்பா இருக்கு அங்க?" பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "இப்ப நீரோட்டம் என்ன ஓட்டம்னு உனக்குத் தெரியும். போனா என் படகு அடுத்த தீவுலதான் கரையேறும். விடுதில போய்ப் பாரு. எவன்கூடயாவது படுத்துத் தூங்கிட்டு இருப்பா. சத்தம் போட்டு ஊரைக் கூட்டினே, நாளையிலேருந்து குதிரை வண்டிக்குச் சாணி அள்ளத்தான் போகணும்."

மஹ்சுன் விடுதிக்குப் போனான். அவளுடைய முதுகுப்பை கட்டிலில் இருந்தது. நீலத் துண்டு கொடியில் காய்ந்தது. விடுதிக்காரி கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பை இருந்தா வருவாங்க. வராட்டி அந்த ரூம்ல போட்டு வைப்போம்." கை காட்டினாள். அந்த அறையில் பைகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கூரை வரை இருந்தன. அடியில் இருந்தவற்றில் பூஞ்சை படர்ந்திருந்தது.

மசூதியில் மாலைத் தொழுகைக்கான பாங்கு ஓய்ந்ததும் பாரில் பாட்டு தொடங்கிவிடும். இது இங்கே வழக்கம். நெருப்புப் பந்து சுழற்றுகிறவன் மண்ணெண்ணெயை வாயில் ஊற்றிக்கொண்டிருந்தான். அவளோடு தினமும் நீந்தியவர்கள், தினமும் கட்டிப்பிடித்து ஆடியவர்கள், அதே மேசையில் இருந்தார்கள். முகத்தில் பச்சையும் மஞ்சளுமாகச் சாயக் கோடுகள்.

"ஃபெம்கேயா?" என்றான் ப்ரோடி. "படகுல பக்கத்துலதானே இருந்தா. இல்ல, அது நேத்தா?"

"இன்னிக்கு இறங்கினப்ப பாத்தியா?"

"அவ அடுத்த தீவுக்குப் போறேன்னு சொல்லிட்டு இருந்தா மச்சி. போயிருப்பா. இங்க யாரு சொல்லிட்டுப் போறாங்க? உக்காரு, ஒரு பீர் அடி. ஏன் மூஞ்சி செத்த மீன் மாதிரி இருக்கு?"

"பை இருக்கு."

"பையா? நான் பாங்காக்ல ஒரு பையை விட்டுட்டு வந்தேன். அது இப்ப என்னைவிட நல்லா இருக்கும்."

மேசை முழுக்கச் சிரித்தது. ஒருத்தி அவன் கழுத்தில் கை போட்டு ஆட இழுத்தாள். அவளுக்கு ஃபெம்கே யார் என்றே தெரியாது. இன்றுதான் வந்தவள். ஃபெம்கேயின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

முந்தின நாள் அந்த நாற்காலியை விட்டு இறங்கி வந்துதான் ஃபெம்கே அவன் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தாள். அறுந்த செருப்பை நீட்டினாள். வந்து பல நாள் ஆகியும் ஊரை விட்டுப் போகாதவள். உள்ளூர்ப் பேச்சைக் கொஞ்சம் கற்றுக்கொண்டிருந்தாள்.

"நான் ஒரு நாள் தண்ணிக்குள்ளயே இருந்துட்டா யாரு தேடுவா, மஹ்சுன்?"

"உன் செருப்பு தேடும். கூடையில மிஞ்சினா நான் வருவேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவள் அவன் காலைப் பார்த்தாள். "உனக்குச் செருப்பே இல்லையே. உன்னை யாரு தேடுவா?"

"கரைக்காரன் என்னிக்குச் செருப்பு போட்டான்? என்னை யாரும் தேட வேணாம். நான் மீன்."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு முடிச்சு முடிந்தது.

பாரிலிருந்து அவன் கடை வழியாகத் திரும்பினான். வேலியோரம் நின்றான். ஹாஜியின் கடை வேலி தீவில் பேர்போனது. கூடையில் மிஞ்சும் செருப்புகளை வீணாக்காமல் அந்தப் பலகைகளில் ஆணி அடித்து மாட்டியிருந்தார்கள். சிவப்பு, நீலம், பூப்போட்டது, குழந்தைக் கால் அளவில் ஒன்று. வருகிறவர்கள் அதன்முன் நின்று, நாக்கை நீட்டிப் படம் எடுத்துக்கொள்வார்கள். செருப்பு மறந்த குடிகாரர்களின் வேலி என்று மஹ்சுனே எத்தனையோ பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறான்.

ஆணி அடித்தவனும் அவன்தான்.

ஒவ்வொன்றாகப் பார்த்தான். ஒற்றைச் செருப்பு ஒன்றுகூட இல்லை. குடித்தவன் ஒற்றையைத்தான் தொலைப்பான். இங்கே எல்லாம் ஜோடி. ஒன்றோடொன்று ஒட்டி, பக்கத்துப் பக்கத்தில், கூடையில் ஒழுங்காகக் கழற்றி வைத்த மாதிரி.

ஒவ்வொரு முறையும் தட்டு காலியாகியிருந்தது.

மறுநாள் காலை படகு புறப்படும்போது வேலியில் புதிதாக ஒரு பச்சை ஜோடி இருந்தது. தூண்டில் நரம்பு முடிச்சு வெயிலில் மின்னியது. ஹாஜி அவனைப் பார்த்துக்கொண்டே சுத்தியலைப் பெட்டியில் போட்டார்.

கூட்டம் ஏறியது. பாதி பழைய முகங்கள், பாதி புதியவை. இடம் நெருக்கடி. பின்பலகையில் மட்டும் யாரும் உட்காரவில்லை. யாரும் யாருக்கும் சொல்லவில்லை. தொடையை ஒட்டி, தோளை இடித்து, முன்னால் நெருங்கி உட்கார்ந்தார்கள். பின்பலகை ஈரமாகவே இருந்தது.

பாறைமேட்டில் தண்ணீர் பச்சை. அது முடிகிற இடத்தில் நீலம், அப்புறம் கறுப்பு. எல்லோரும் குதித்தார்கள், நீந்தினார்கள், ஆமையைப் பார்த்துக் குழலுக்குள் கூச்சலிட்டார்கள். மஹ்சுன் ஓரத்தை விட்டு நகரவில்லை. ஒவ்வொருவரும் ஏணியில் கை வைக்கும்போது முகத்தைப் பார்த்தான். கண்ணாடியைக் கழற்றச் சொன்னான். கழற்றிய முகத்தைப் பார்த்த பிறகே ஏற்றினான்.

"என்னடா, கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்குறியா?" என்றார் அமாக்.

எல்லோரும் ஏறினார்கள். எல்லா முகமும் சரி.

மஹ்சுன் மஞ்சள் சட்டையைக் கழற்றிப் படகு முனையில் போட்டான். "நான் ஒரு தடவை கீழ பாத்துட்டு வந்துடறேன், அமாக். தட்டை நீங்க நீட்டுங்க. என் கீற்று தட்டுல இருக்கிற வரைக்கும் எஞ்சினைத் தொடாதீங்க."

"உன் கீற்றை நான் ஒண்ணும் தின்னுட மாட்டேன். போ. சீக்கிரம் வா, பசிக்குது."

மூழ்கினான்.

பாறைச் சுவரையொட்டி இறங்கினான். மேலே எப்போதும் கேட்கும் சத்தம், மீன்கள் பவளத்தைக் கொறிக்கும் சடசடப்பு, இறங்க இறங்கக் குறைந்தது. பிறகு நின்றது. காதில் அவன் இதயம் மட்டும். தண்ணீர் ஓர் இடத்தில் சட்டென்று குளிர்ந்தது. தட்டின் தகரம் சில்லிட்ட அதே குளிர்.

நீலம் கறுக்கும் இடத்தில் ஏதோ நின்றது.

மிதக்கவில்லை. நின்றது.

ஒன்று அல்ல. வரிசை. சுவரோரம், தோளோடு தோள் நெருங்கி, படகில் உட்காரும் நெருக்கத்தில். எல்லோர் முகத்திலும் நீச்சல் கண்ணாடி. எல்லோர் முகமும் மேலே. கண்ணாடிக்குள் தண்ணீர்.

கடைசியில் ஃபெம்கே.

கன்னத்தில் பாரின் சாயக் கோடு இன்னும் அழியவில்லை. பச்சை. மஞ்சள். அவள் அவனைப் பார்க்கவில்லை. அவனுக்கு மேலே பார்த்தாள். எல்லோரும் அவனுக்கு மேலே பார்த்தார்கள்.

அவளுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்குமளவு இடம்.

கை நீட்டினான். அவள் மணிக்கட்டைப் பிடித்தான். இழுத்தான். வரவில்லை. விரல்கள் திரும்பி அவன் கையைப் பற்றின. மெதுவாக. தெரிந்தவர் பற்றுகிற மாதிரி.

உதறினான். உதைத்தான். மேலே. வெளிச்சம். மேலே.

தலை வெளியே வந்தது. மூச்சு. உப்பு. வெயில்.

எஞ்சின் சத்தம்.

படகு திரும்பிக்கொண்டிருந்தது.

"அமாக்!"

எஞ்சினுக்கு முன்னால் அவன் குரல் ஒன்றுமில்லை. ப்ரோடி தட்டைக் கைமாற்றி முன்னால் நீட்டிக்கொண்டிருந்தான். முனையில், மஹ்சுன் தினமும் உட்காரும் இடத்தில், ஒருவன் உட்கார்ந்திருந்தான். மஞ்சள் சட்டை. சொட்டும் தலை. கண்ணாடியைக் கழற்றவில்லை.

கை நீண்டது. கடைசிக் கீற்றை எடுத்தது.

"அமாக்! நான் இங்க! அமாக்!"

ப்ரோடி ஏதோ ஜோக் சொன்னான். படகு முழுக்கச் சிரித்தது. தட்டு கைமாறிப் பின்னால் போனது. அமாக் சினார் அதைத் தலைகீழாகக் கவிழ்த்து, எப்போதும் போல விளிம்பில் தட்டி, மிஞ்சின சாற்றைக் கடலில் கொட்டினார். காலி. எஞ்சின் வேகம் எடுத்தது.

இவர்கள் கரையில் இறங்குவார்கள். அவரவர் செருப்பை எடுத்துக்கொள்வார்கள். இன்று கூடையில் எதுவும் மிஞ்சாது.

அவன் கத்தினான். வாய்க்குள் தண்ணீர் போனது. கீழே, குளிர்ந்த தண்ணீரிலிருந்து, இரண்டு உள்ளங்கைகள் வந்து அவன் பாதங்களுக்கு அடியில் பொருந்தின. சரியாக, அளவெடுத்த மாதிரி.

தூரத்தில் படகு முனையிலிருந்து தொங்கிய இரண்டு வெறுங்கால்கள், ஊறி வெளுத்த கால்கள், அலையைத் தொட்டுத் தொட்டுக் கரைக்குப் போய்க்கொண்டிருந்தன.