பதினேழாம் துப்பாக்கி நின்ற இடங்கள்

அந்தத் தோட்டாக் கூட்டில் மண் ஒட்டியிருக்கவில்லை.

பழைய போர்க்களம் ஒன்றைத் தோண்டும் குழுவில் வரைபடம் போடுவது அவள் வேலை. நூறு வருஷத்துக்கு மேல் புதைந்து கிடந்த பித்தளைக் கூடுகள் பச்சைக் களிம்பேறி, வாய் நசுங்கித்தான் அவள் மேஜைக்கு வரும். இது மட்டும் நேற்றுக் கடையில் வாங்கியதுபோல் மினுங்கியது. லேசாக வெடிமருந்து வாடை வேறு.

"எங்க கிடைச்சுது?"

"நம்ம ஆபீஸ் வாசப்படியில," என்றார் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் பூதக்கண்ணாடி. கூடுகளை ஆராய்பவருக்கு ஆபீஸே சூட்டிய பெயர் அது. "அடியில ஊசி குத்தின தழும்பப் பாருங்க மேடம். கோணலா, பிறை மாதிரி. சந்தேகமே இல்ல, நம்ம பதினேழாம் நம்பர் ஆசாமிதான்."

சுடும்போது ஒவ்வொரு துப்பாக்கியின் ஊசியும் கூட்டின் அடியில் தனக்கென்று ஒரு தழும்பைப் பதிக்கும். தோட்டா எங்கே பறந்தாலும், கூடு சுட்டவன் காலடியில்தான் விழும். விழுந்த இடங்களைக் கோடிழுத்துச் சேர்த்தால் அவன் நடந்த பாதை கிடைத்துவிடும். தழும்பை வைத்து அவர்கள் பதினேழாம் நம்பர் கொடுத்திருந்தவன் ஓடையிலிருந்து மேடுவரை வந்திருந்தான். அங்கே கோடு அறுந்திருந்தது.

ஏன் அறுந்தது என்பது அவளுக்கு மட்டும் தெரியும். மேட்டில் கிடைத்த கடைசிக் கூட்டை, இடம்கூடக் குறிக்காமல், கைப்பைக்குள் போட்டுக்கொண்டு போனவள் அவள்தான். காலிக் கூட்டின் வாயில் ஊதினால் விசில் வரும்; ஏழு வயது மகள் அப்படியொரு விசில் கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தாள். ஒன்று குறைந்தால் யார் அழப்போகிறார்கள்? எடுத்த கட்டைவிரல் அன்று மரத்தது, இன்னும் சரியாகவில்லை.

"யாரோ விளையாடுறாங்க சார்."

"துப்பாக்கியே இன்னும் கிடைக்கல, எதை வச்சு விளையாடுறது? செத்தும் ஓவர்டைம் பாக்குறான்போல!" தன் ஜோக்குக்குத் தானே சிரித்தார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பயமும் வரவில்லை. பயம் வரவேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. பழக்கதோஷத்தில் வரைபடத்தில் ஆபீஸ் வாசலுக்கும் ஒரு புள்ளி வைத்து, மேட்டிலிருந்து அதன் வழியாக ஸ்கேலை நீட்டினாள். கோடு நேராகப் போய் அவள் தெருவில் நின்றது.

மகள் பள்ளிவிட்டு வந்திருக்கும் நேரம். போன் செய்தாள்.

"அம்மா, இன்னொரு விசில் கிடைச்சுது. மாடிப்படியில. சூடா இருக்கும்மா."

"கீழ போடு கண்ணு! பக்கத்து வீட்டு அத்தைகிட்ட ஓடு!"

"ஓட முடியலம்மா. காலு ரெண்டும் மரத்துப்போச்சு."

எப்படி வண்டி ஓட்டினாள் என்று அவளுக்கே தெரியாது. மாலை வெயில் மஞ்சளாக விழுந்த கேட்டடியில் ஒரு கூடு. செடித்தொட்டி ஓரம் ஒன்று. மூன்றாம் படியில் ஒன்று, அதைப் பொறுக்கினாள். சூடு தெரியவில்லை. விரல் நுனி மட்டும் கொப்பளித்தது.

கதவு திறந்திருந்தது.

உள்ளே விசில். ஒரே சுருதி. மூச்சு வாங்காத விசில்.

கூடத்தின் நடுவில் மகள். முதுகு காட்டி நின்றாள். சீருடைகூட மாற்றவில்லை.

"கண்ணு."

விசில் நின்றது. திரும்பினாள். வாயில் பச்சைக் களிம்பு. குறி பார்க்கிறவனைப் போல, இடது கண்ணை மட்டும் மெல்ல மூடினாள்.

ணங்.

மகளின் காலடியில் புதுக் கூடு ஒன்று உருண்டது. புகைந்தது.

அவள் குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தாள். துணி நனைந்துகொண்டிருந்தது. வலி இல்லை. எதுவுமே இல்லை.

நிமிர்ந்தாள்.

மகள் மறுபடியும் இடது கண்ணை மூடினாள்.