பேட்டரி இல்லாத கன்ட்ரோலர்

லோசாவின் கையிலிருந்த கன்ட்ரோலரில் பச்சை விளக்கு எரிந்தது.

டிவி வெளிச்சம் பட்டு மின்னுகிறது என்றுதான் செமிசி முதலில் நினைத்தான். அதில் விளக்கு எரிய வழியே இல்லை. கூட விளையாட வேண்டும் என்று தங்கை லோசா நச்சரித்த நாளில், பேட்டரியையும் உள்ளிருந்த கம்பிச்சுருளையும் பிடுங்கிக் கடலில் எறிந்துவிட்டு, "இந்தா, ரெண்டாவது ஆளு நீதான்" என்று வெறும் கூட்டை நீட்டியவன் அவன்தான். அன்றுமுதல் அவள் சாயங்காலமானால் பாயில் அவனை ஒட்டி உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, எதற்கும் உதவாத பொத்தான்களை அழுத்திவந்தாள். நண்பர்களிடம் சொல்லிச் சிரித்திருக்கிறான்.

இத்தனைக்கும் ஆக்லாந்து சித்தி அனுப்பிய அந்த கேம் பெட்டிக்குள் எறும்பு கூடு கட்டி அது செத்துக் கிடந்தபோது, பிரித்துத் துடைத்து உயிர் கொடுத்தவள் பத்து வயது லோசா. பாதிரியாரின் போனுக்குக் கண்ணாடி மாற்றியதும் அவள்தான்.

அம்மாவும் அப்பாவும் ஒரு சாவுக்காகக் காலைக் கப்பலில் தலைநகர் ஆப்பியாவுக்குப் போயிருந்தார்கள். "எதுவானாலும் தங்கச்சிக்கு முதல்ல குடு, அப்புறம் நீ எடு. ஜெபத்தை விட்டுடாதே" என்று படியிறங்கும்போதும் அம்மா சொல்லிக்கொண்டே போனாள்.

தேவாலய வாசலில் தொங்கும் பழைய காஸ் சிலிண்டரை யாரோ இரும்பால் அடித்தார்கள். ஜெப மணி. மறுபடி அது அடிக்கும்வரை ஊரில் ஒருவரும் சாலையில் கால் வைக்கக் கூடாது.

"அண்ணே, ஜெபம்."

"சத்தத்தைக் குறைச்சுட்டேன்ல? மனசுக்குள்ள பண்ணிக்க."

"அப்ப ஒரே ஒரு ஆட்டம் உன் கன்ட்ரோலரைக் குடேன். நீ செத்தா என் முறைன்னு சொன்னே. எத்தனை தடவை செத்துட்டே!"

"அதெல்லாம் கணக்குல சேராது. உன்கிட்டதான் ஒண்ணு இருக்குதே."

"இது வெறுங்கூடு. முதல் நாளே தெரியும். தூக்கினா கனமே இல்லையே."

அவன் திரும்பிப் பார்த்தான். "தெரிஞ்சுமா இத்தனை நாள் அழுத்திக்கிட்டிருந்தே, லூசு?"

"இல்லேன்னா பக்கத்துல உட்கார விடமாட்டியே."

கையை நீட்டியிருந்தால் போதும். ஒரு ஆட்டம். அவனுக்கும் அது தோன்றாமல் இல்லை. ஆனாலும் சிரித்தான். "அப்ப அதையே வெச்சு ஆடு, இன்ஜினியரம்மா."

லோசா தலை குனிந்து, வெறுங்கூட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பச்சை விளக்கு அவள் முகவாயில் விழுந்தது.

அது டிவி வெளிச்சமில்லை.

வீடு வீடாகப் பாட்டு எழுந்தது. அடுப்புக் கற்களின் புகையும் தேங்காய்ப்பாலில் வெந்த கீரையின் வாசனையும் காற்றில் கலந்து வர, செம்மஞ்சள் நிறத்தில் மங்கிக்கொண்டிருந்த வானத்தில் வௌவால்கள் ஈரப்பலா மரத்தைச் சுற்றிச் சுற்றிப் பறக்க, செமிசி தன் கன்ட்ரோலரை அழுத்தினான். திரையில் ஆள் அசையவில்லை. மறுபடி அழுத்தினான். விரல்கள் விரிந்தன. கன்ட்ரோலர் பாயில் விழுந்தது. விரித்தது அவனல்ல.

திரையில் மலை மறைந்து ஒரு பாய் தெரிந்தது. ஒரு வாசல். ஓர் ஈரப்பலா மரம்.

"அட, நம்ம வீடு மாதிரியே இருக்கு!" லோசாவின் கண் திரையை விட்டு அகலவில்லை. கட்டைவிரலை மெல்ல முன்னால் தள்ளினாள்.

செமிசி எழுந்து நின்றான்.

"அண்ணே, வேலை செய்யுது! நான் சொல்றபடி நடக்கறான் பாரேன்!"

படி இறங்கினான். சாலையில் ஜல்லி உள்ளங்காலைக் குத்தியது, வலித்தது, கால் நிற்கவில்லை. யாரும் இறங்காதபடி சாலையோரம் வெள்ளைச் சட்டையில் காவல் நின்ற பக்கத்து வீட்டு ஃபாலெ குரலை அடக்கிச் சீறினான். "டேய், மணி காதுல விழலை? அம்மா ஊர்ல இல்லேன்னா கொம்பு முளைச்சிடுச்சா?"

என்னைப் பிடி என்று கத்தப் பார்த்தான். வாய் திறக்கவில்லை. கேமில் அந்த ஆளுக்குக் குரல் கிடையாது. நடக்க, ஓட, குதிக்க. அவ்வளவுதான்.

"திமிரைப் பாரு" என்றான் ஃபாலெ. ஜெபநேரத்தில் அவனும் சாலைக்குள் இறங்கவில்லை.

கால் ஓடத் தொடங்கியது.

எதிரே கறுத்த எரிமலைப் பாறை. அதன் விளிம்பு. கீழே அலை மோதி மோதி வெடித்தது. தங்கையை அலற வைக்கவே, கேமில் அந்த ஆளைத் தினமும் மலை விளிம்பிலிருந்து குதிக்க வைப்பான் செமிசி. அவள் கண்ணைப் பொத்திக்கொள்வாள். "செத்தா என்னடி, திரும்பி வந்துடுவான்" என்பான்.

லோசா நன்றாகக் கற்றிருந்தாள்.

முழங்கால் மடங்கியது. வேண்டாம். லோசா, வேண்டாம்.

காற்று. பாறை. இடுப்பில் ஏதோ முறிந்தது. உப்பு. மூச்சில் தண்ணீர். மூச்சே தண்ணீர்.

இருட்டு.

பிறகு, வாசல்.

தன் வீட்டு வாசலில் நின்றிருந்தான். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. முறிந்தது முறிந்தபடியே வலித்தது. ஆனாலும் உடம்பு நேராக நின்றது. பாட்டு இன்னும் முடியவில்லை.

லோசா முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அவன் கன்ட்ரோலரை அவள் எடுத்து ஆடவில்லை. துடைத்து, அவன் உட்காரும் இடத்தில், கைக்கு வாகாக வைத்திருந்தாள்.

"எங்கே போயிட்டே அண்ணே? என் ஆளு செத்துட்டான். சீக்கிரம் வா, இப்ப உன் முறை."

வருகிறேன் என்று அவன் உடம்பு முழுவதும் கதறியது. பாய் எட்டும் தூரத்தில் இருந்தது.

லோசா தலையைச் சாய்த்து யோசித்தாள். பிறகு அண்ணனைப் போலவே சிரித்தாள்.

"இல்ல, இல்ல. இது கணக்குல சேராது."

கட்டைவிரல் முன்னால் நகர்ந்தது. சொட்டச் சொட்ட நனைந்த உடம்பு வாசலை விட்டுத் திரும்பியது. வலது கால் படியில் இறங்கியது. ஜெபம் முடியும் மணி இன்னும் அடிக்கவில்லை.