அலுமாரிக்குள் இரண்டாம் குரல்

கொட்டாஞ்சேனையில் அறை பார்க்க வந்த அன்று, வீட்டுக்கார அம்மாவுக்கு வணக்கம் சொல்வதற்கு முன்பே கிளெமென்ற் கையைத் தட்டிப் பார்த்தான். அறையில் எதிரொலி எப்படி வருகிறது என்று சோதித்தானாம். மாக்ரெட் அன்ரி கொழும்புச் செட்டிக் குடும்பத்து விதவை. வயது எழுபதைத் தாண்டியும் கண் கூர்மை குறையவில்லை. அவனை ஏற இறங்கப் பார்த்தார். தோளில் கிற்றார், ஒரு கையில் ஒரு ரேப் ரெக்கோடர், மற்றக் கையில் இன்னொன்று. உடுப்புப் பெட்டியை வந்த ஓட்டோவிலேயே மறந்து விட்டுவிட்டான்.

"பாட்டுப் படிக்கிறனீங்களோ தம்பி?"

"படிக்கிறது எல்லாரும்தான் அன்ரி. நான் சொந்தமாக் கட்டுறனான்."

அது தொண்ணூற்றாறாம் ஆண்டு. வடக்கில் சண்டை, கொழும்பில் கரண்ட் வெட்டு. கிளெமென்ற் யாழ்ப்பாணத்துக் குருநகர்க்காரன், கொழும்புத் துறைமுகப் பக்கம் ஒரு கந்தோரில் கிளாக். அதை வெளியில் சொல்ல மாட்டான். பாட்டு, மெட்டு, குரல் மூன்றும் கிளெமென்ற் என்று கசற் மட்டையில் தன் கையாலேயே எழுதி வைத்திருந்தான். வெள்ளவத்தைக் கலியாண வீடுகளில் சினிமாப் பாட்டுப் பாடுகிறவர்களை அவன் மனிதரில் சேர்ப்பதில்லை. வானொலித் தேர்வில் இரண்டு தரம் அவனைத் திருப்பி அனுப்பியவர்களுக்குக் காது செவிடு என்றான். உண்மையை நான் சொல்கிறேன். அவனுக்குச் சுருதி சேராது. எதைப் பாடினாலும் ஒரு மயிரிழை கீழேதான் நிற்பான். பதினொரு பாட்டுக் கட்டியிருந்தான். அதில் ஒன்பதில் நிலா வரும்.

அவன் ஒலிப்பதிவு செய்யும் சீரையும் சொல்லவேண்டும். முதலில் கிற்றாரை ஒரு ரெக்கோடரில் பதிவு செய்வான். அதை ஓடவிட்டுக் கூடவே பாடி, இரண்டையும் சேர்த்து மற்ற ரெக்கோடரில் எடுப்பான். பிறகு அதை ஓடவிட்டு, அதன்மேல் இன்னொரு தடவை தன் குரல். ஒவ்வொரு மாற்றலுக்கும் கசற் இரைச்சல் கொஞ்சம் கூடும். ஞாயிறு மத்தியானம் பன்னிரண்டுக்குக் கரண்ட் போனால் தெரு முழுக்க மின்விசிறியும் ரீவீயும் அடங்கிவிடும். அந்த அமைதிதான் அவனுக்கு ஸ்ரூடியோ. ரெக்கோடர் இரண்டும் பற்றரியில் ஓடும். பதினாறு பற்றரி கேட்டபோது, "மொகட்டத மாத்தயா மெச்சர பற்றரி?" இவ்வளவு பற்றரி எதற்கு என்று கடைக்காரர் முகத்தை ஒரு மாதிரியாக வைத்துக்கொண்டு கேட்டார். யாழ்ப்பாணத்து ஆள் இத்தனை பற்றரி வாங்கினால் குண்டுக்கோ என்று அந்தக் காலத்தில் யாரும்தான் கேட்பார்கள். பாட்டுக்கு என்று இவன் சிங்களத்தில் சொல்லி இளித்தான்.

அறையில் சுவரோடு சேர்த்துக் கட்டிய தேக்கு அலுமாரி ஒன்று இருந்தது. ஒரு ஆள் உள்ளே நிமிர்ந்து நிற்கலாம்.

"அதை மட்டும் பாவிக்காதேங்கோ," என்றார் மாக்ரெட் அன்ரி.

"ஏன் அன்ரி?"

"சத்தம் வரும்."

கிழவிக்கு மூளை பிசகு என்று நினைத்தான். சத்தம் வராத இடம் என்றால் அந்த வீட்டில் அது ஒன்றுதான். அடுத்த ஞாயிறே அலுமாரியின் உள்பக்கம் முழுக்கப் பழைய மெத்தையைக் கிழித்து ஆணியடித்தான். இரண்டு ரெக்கோடரையும் காலடியில் வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு பாடினான். உள்ளே பூச்சி உருண்டை மணத்தது. அதற்கும் அடியில், நெடுநாளைக்கு முந்திய கருகல் மணம்.

போட்டுக் கேட்டபோது அவன் குரலுக்குக் கீழே இன்னொரு குரல் இருந்தது.

வாயைத் திறக்காமல், மூக்குக்குள்ளேயே இழுக்கும் ஒரு ஆண்குரல். சொல் ஒன்றும் இல்லை, மெட்டு மட்டும்.

வேறு ஆளென்றால் பயந்திருப்பான். கிளெமென்றுக்கு வயிறு எரிந்தது. பதினொரு பாட்டுக் கட்டியும் தனக்கு ஒருநாளும் வராத மெட்டு, எவனோ ஒருவனுக்கு மூக்கால் வருகிறதே என்று எரிந்தது. பக்கத்து வீட்டில் எவனோ பாடுகிறான், வைத்திருக்கும் பொருளின் அருமை தெரியாத மடையன், என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். அன்று பின்னேரமே அந்த மெட்டைப் பாடமாக்கி, அதன்மேல் நிலாவைப் பற்றி நான்கு வரி ஒட்டி, தன் பெயரை எழுதி, ஆள் மூலம் கனடாவில் இருக்கும் மச்சான் வின்சன்றுக்கு அனுப்பிவிட்டான்.

அங்கே ஒரு தமிழ் வானொலியில் பாட்டுப் போட்டார்கள். கேட்டவர்கள் அழுதார்களாம். நிலா வரிக்கு அழவில்லை, அது நிச்சயம்.

வின்சன்ற் தொலைபேசியில் சொன்னான்: "மச்சான், இதுமாதிரி இன்னொரு பாட்டுத் தா. மேடைக்குக் கூப்பிட வானொலிக்காரர் கடிதம் தருவாங்கள். நீ இங்க வந்திடலாம்."

கனடா. விளக்கு எரியும் மேடை. ஆமிச் சுற்றிவளைப்பில்லாத ஊர். கிளெமென்றுக்கு மூன்று நாள் நித்திரை வரவில்லை. தானே கட்டிய ஒன்றை முதலில் அனுப்பினான். "இது அதுமாதிரி இல்லையே," என்றான் வின்சன்ற். கழுதைக்கு இசை விளங்காது என்று போனை வைத்தான். வைத்த கையோடு அலுமாரிக்குள் போனான்.

இம்முறை அந்தக் குரலைப் பிடிக்கவென்றே பாடினான். மாற்றி மாற்றிப் பதிவு செய்தான். இரண்டாவது மாற்றலில் அவன் குரல் இரைச்சலுக்குள் தாழ்ந்தது. மூன்றாவதில் மற்றக் குரல் மேலே வந்தது. நான்காவதில் மூச்சுக் கேட்டது.

பக்கத்து வீட்டு மூச்சு இப்படிக் கேட்காது.

ஆள் மைக்குக்குப் பக்கத்தில் நின்றால்தான் கேட்கும்.

கசற்றை நிறுத்திவிட்டு வெளியே வந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மாக்ரெட் அன்ரி ஹோலில் செபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். கழுத்தில் மாதா சுரூபத்தோடு சேர்ந்து ஏதோ பூட்டின் பித்தளைத் திறப்பு ஒன்றும் தொங்கியது.

"அன்ரி, எனக்கு முதல் இந்த அறையில ஆர் இருந்தது?"

"ஸ்ரனிஸ்லாஸ் எண்டு ஒரு பிள்ளை. கோயில் பாட்டுக்குழுவில ஓர்கன் அடிச்சவன். உங்களைப்போல சொந்தமாப் பாட்டும் கட்டுவான்."

"எங்க இப்ப?"

"எண்பத்து மூண்டுக் கலவரத்தில அவங்கள் கேற்றடிக்கு வந்தாங்கள். நான் பிள்ளையை அலுமாரிக்குள்ள விட்டுப் பூட்டினனான். வாயைத் திறக்காதை எண்டு சொன்னனான். பயம் வந்தால் அவனுக்கு மெட்டு வரும். வாயை மூடிக்கொண்டு இழுத்தான். இங்க ஒருத்தரும் இல்லை எண்டு சிங்களத்தில சொல்லி அனுப்பினன். பிறகு பக்கத்து வீட்டைக் கொளுத்தினாங்கள். புகைக்குள்ள நான் கோயிலுக்கு ஓடிட்டன். திறப்பு என்ர கையில." திறப்பைப் பிடித்துக்கொண்டார். "மூண்டாம் நாள்தான் வர விட்டாங்கள். திறந்தன். ஒருத்தரும் இல்லை. சத்தம் மட்டும் இருக்கு."

இதைக் கேட்டு உங்களுக்கு என்ன தோன்றும்? அந்தப் பிள்ளைக்காக ஒரு சொல்லாவது வரும். கிளெமென்றுக்கு, அறைக்குத் திரும்பிக் கதவைச் சாத்தியதும் வேறு ஒன்று தோன்றியது. செத்தவன் வந்து மெட்டுக்குச் சொந்தம் கேட்கப் போவதில்லை. பதின்மூன்று வருடம் இருட்டுக்குள் கிடந்தவனிடம் எத்தனை பாட்டு இருக்கும். ஒரு கசற்றே நிரப்பலாம். இப்படிப்பட்ட மனிதன் அவன்.

அடுத்த ஞாயிறு பன்னிரண்டுக்குக் கரண்ட் போனது. அலுமாரிக்குள் ஏறிக் கதவைச் சாத்தினான். பதிவு அழுத்தியை அமத்தினான்.

"பாடு," என்று இருட்டுக்குச் சொன்னான். வேலைக்காரனுக்குச் சொல்வது போலச் சொன்னான்.

தெருவில் ஒரு பாரவண்டி வந்து நின்றது. சப்பாத்துச் சத்தம். சுற்றிவளைப்பு. அவனுக்குப் பயமில்லை, அடையாள அட்டை, பொலிஸ் பதிவு எல்லாம் சரியாக இருந்தது. கேற்றில் தட்டினார்கள்.

ஹோலில் செருப்பு ஓடியது. அவன் அறைக்குள் வந்தது. அலுமாரியடியில் நின்றது.

"ஸ்ரனி," என்று மாக்ரெட் அன்ரியின் குரல் குசுகுசுத்தது. "அவங்கள் கேற்றடிக்கு வந்திட்டாங்கள். வாயைத் திறக்காதை மகன்."

திறப்புத் திரும்பியது.

அன்ரி, நான் கிளெமென்ற் என்று கத்தப் போனான். உதடு பிரியவில்லை.

உள்ளிருந்து ஒரு கை வாயைப் பொத்தியிருந்தது. மிருதுவாக, குழந்தையை அடக்குவது போல.

மெத்தைக்கும் அவன் முதுகுக்கும் நடுவில் இடமே இல்லை. அந்த இடத்தில் யாரோ நின்றார்கள். காதுக்குள் மெட்டு தொடங்கியது. அவன் தொண்டையைக் கிழித்துக் கத்தினான்; கத்தியது அத்தனையும் மூக்கால் ஒரே சீராக வந்தது.

வெளியே, "மெஹே கவுருத் நே மாத்தயா," என்று மாக்ரெட் அன்ரி சொல்லிக்கொண்டிருந்தார். இங்கே ஒருவரும் இல்லை.

ஆமிக்காரர் நம்பவில்லை. அறைக்குள் வந்து, திறப்பை வாங்கி அலுமாரியைத் திறந்தார்கள். ஆணியடித்த மெத்தை, இரண்டு ரெக்கோடர். ஆள் இல்லை. இத்தனை பற்றரி எதற்கு என்று கேட்டு, பதினாறையும் கழற்றிக்கொண்டு போனார்கள்.

கந்தோரில் அவன் வெளிநாடு போய்விட்டான் என்றார்கள். ஏஜென்சி அனுப்பியிருக்கும் என்றார்கள். அந்தக் காலத்தில் ஒரு ஆள் இல்லாமல் போனால் அதற்குமேல் யாரும் விசாரிப்பதில்லை. வின்சன்ற் இரண்டு தரம் தொலைபேசி எடுத்து, பாட்டு வரவில்லையே என்று மட்டும் கேட்டான்.

அதற்கடுத்த ஞாயிறு. பன்னிரண்டு மணிக்குத் தெரு அடங்கியது. மாக்ரெட் அன்ரி செபமாலையை நிறுத்திக் காது கொடுத்தார்.

பற்றரி இல்லாத ரெக்கோடர் ஓடியது.

பதின்மூன்று வருடமாகக் கேட்ட குரல் முதலில் வந்தது. பிறகு அதோடு சேர்ந்து இன்னொன்று, அதுவும் வாய் மூடி.

இரண்டாவது, ஒரு மயிரிழை கீழே நின்றது.